சிறுதொழில்களின் ஆயுளைக் கணக்கிடும் முறை குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுதொழில்களைப் பற்றிய செய்திகளிலும் பேட்டிகளிலும் ஒரு வாசகம் ஓயாமல் திரும்ப வருகிறது. புதிதாகத் தொடங்கப்படும் பத்துத் தொழில்களில் ஒன்பது தோற்றுப்போகின்றன என்பதே அது. எத்தனை ஆண்டுகளுக்குள், எந்த வகைத் தொழிலில், தோல்வி என்று எதைக் கருதி, யார் எடுத்த கணக்கு என்பதை அதைச் சொல்பவர்கள் சொல்வதில்லை; கேட்பவர்களும் கேட்பதில்லை. சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதுவதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் இந்த வாசகம் செய்யும் கேட்டை நான் அருகிலிருந்து பார்த்து வருகிறேன். தொழில் தொடங்க எண்ணுபவரை அது வீணாக அச்சுறுத்துகிறது; கடன் மறுப்பவருக்கு ஒரு சாக்காக அமைகிறது; இவற்றைவிட மோசமாக, தடுத்திருக்கக்கூடிய காரணத்தால் ஒரு தொழில் மூடப்பட்டாலும் 'எல்லோருக்கும் நடப்பதுதானே' என்று காரணம் தேடாமலே கடந்துபோகச் செய்கிறது.

உண்மையான கணக்குகள் வேறு விதமாக இருக்கின்றன. இந்த விஷயத்தில் நீண்ட காலத் தொடர்ச்சியுள்ள புள்ளிவிவரங்களில் ஒன்று அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் பணியகத்துடையது. 1994 முதல் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகத் தொடங்கப்பட்ட தொழிலகங்களை அந்தப் பணியகம் தனித்தனிக் குழுக்களாகப் பிரித்து, அவற்றில் எத்தனை இன்னும் இயங்குகின்றன என்று ஆண்டுதோறும் பார்த்து வருகிறது. முதல் ஆண்டுக்குள் மூடப்படுபவை நூற்றுக்கு ஏறத்தாழ 20. ஐந்தாம் ஆண்டின் முடிவில் ஏறத்தாழப் பாதி எஞ்சுகின்றன. பத்தாம் ஆண்டின் முடிவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதலாக நிலைத்திருக்கின்றன. நல்ல காலத்தில் தொடங்கியவை, கெட்ட காலத்தில் தொடங்கியவை என்று குழுக்களை ஒப்பிட்டால் வித்தியாசம் இருக்கவே செய்கிறது. 2008 நிதி நெருக்கடிக் காலத்தில் தொடங்கியவற்றின் முதலாண்டு நிலை மற்ற ஆண்டுகளைவிட மோசமாக இருந்தது. ஆனாலும் எஞ்சும் தொழில்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைவதைக் காட்டும் இந்த வளைகோட்டின் வடிவம் கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் பெரிதாக மாறவில்லை என்பதுதான் அதைப் படிப்பவரை முதலில் வியக்க வைக்கும். இணையம் வந்தது, கைபேசி வந்தது, வட்டி விகிதம் ஏறியது, இறங்கியது. புதுத் தொழில்கள் மடியும் வேகம் மட்டும் ஏறக்குறைய அதே அளவில் இருக்கிறது.

அந்த வளைகோட்டை இன்னும் சற்று நுணுகிப் பார்ப்பது நல்லது. முதல் ஆண்டில் நூற்றுக்கு 20 என்றால், மீந்திருக்கும் 80 அடுத்த நான்கு ஆண்டுகளில் 50 ஆகக் குறைகிறது. அதாவது அந்தக் காலத்தில் ஆண்டுக்குச் சராசரியாக இருப்பவற்றில் 11 விழுக்காடு மூடப்படுகின்றன. ஐந்தாம் ஆண்டிலிருந்து பத்தாம் ஆண்டு வரை அது 7 விழுக்காடாகிறது. ஆக, ஒரு தொழில் தாக்குப்பிடிக்கும் ஒவ்வோர் ஆண்டும் அது அடுத்த ஆண்டைத் தாண்டும் வாய்ப்பைக் கூட்டுகிறது. ஆர்தர் ஸ்டின்ச்கோம் என்ற சமூகவியலாளர் 1965இலேயே இதற்குக் காரணம் கூறினார். புதிய நிறுவனத்தில் யார் எதைச் செய்வது என்பது இன்னும் பழகியிருக்காது; சரக்கு கொடுப்பவருக்கு அதன் மீது நம்பிக்கை பிறந்திருக்காது; வாடிக்கையாளருக்கு அது அந்நியம். இந்தப் புதுமையே அதற்குச் சுமையாகிறது என்பது அவர் கருத்து. பொருளியலாளர் போயன் யோவானோவிச் 1982இல் வேறொரு கோணத்தைச் சேர்த்தார். ஒரு தொழிலைத் தன்னால் எவ்வளவு திறமையாக நடத்த முடியும் என்பது தொடங்குபவருக்கு முன்கூட்டியே தெரிவதில்லை. நடத்திப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார். தெரிந்த பிறகு சிலர் விரிவாக்குகிறார்கள், சிலர் விலகுகிறார்கள். இந்தப் பார்வையில் தொடக்க ஆண்டுகளின் மூடல்களில் ஒரு பகுதி கற்றலுக்குக் கொடுக்கும் விலை; அதை நாசம் என்று எழுதுவது சரியாகாது.

எனினும், முதல் சில மாதங்களில் ஆபத்து உச்சத்தில் இருக்கும் என்று எல்லாத் தொழில்களுக்கும் சொல்லிவிட முடியாது. 1990இல் ஜெர்மனியின் தொழில் பதிவேடுகளைக் கொண்டு வெளிவந்த ஓர் ஆய்வு, தொடக்கத்தில் மூடல் குறைவாக இருந்து, சில காலம் கழித்தே உச்சத்துக்கு ஏறி, அதன் பின்னரே இறங்குகிறது என்று காட்டியது. என் அனுபவத்துக்கும் இதுதான் நெருக்கமாகப் படுகிறது. போட்ட முதல் கரையும்வரை தொழில் ஓடும். உறவினரும் நண்பரும் கொடுத்த ஆதரவு ஓயும்வரை ஓடும். கணக்கில் நட்டம் தெரிந்தாலும் 'இன்னும் கொஞ்சம் பார்ப்போம்' என்ற மனத்துணிவு இருக்கும். அந்த இருப்பு தீரும் கட்டத்தில்தான் முடிவெடுக்க வேண்டிய நெருக்கடி வருகிறது. ஆகவே திறப்பு விழாவுக்கு அடுத்த மாதங்களில் மட்டும் உதவிக்கரம் நீட்டிவிட்டு ஒதுங்கும் திட்டங்கள், உதவி மிகவும் தேவைப்படும் நேரத்துக்கு முன்பே முடிந்துவிடுகின்றன.

இனி, தோல்வி என்ற சொல்லுக்கு வருகிறேன். மேற்சொன்ன புள்ளிவிவரங்கள் மூடலைத்தான் எண்ணுகின்றன. அமெரிக்கப் பணியகத்தின் கணக்கில் ஊதியம் பெறும் ஊழியர் உள்ள தொழிலகங்கள் மட்டுமே அடங்கும். உரிமையாளர் ஒருவரே உழைக்கும் தொழில் அதில் வராது. ஒரே நிறுவனத்தின் புதிய கிளையும் அதில் தனித் தொழிலகமாகவே எண்ணப்படும். மூடல் எல்லாம் தோல்வி என்றால், வயதாகி ஓய்வு பெற்றவரும், நல்ல விலைக்கு விற்றுவிட்டுப் போனவரும், அதைவிடச் சிறந்த வேலை கிடைத்து விலகியவரும் தோற்றவர்களாகிவிடுவார்கள். பிரையன் ஹெட் என்ற ஆய்வாளர் 2003இல் வெளியிட்ட கட்டுரையில், அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை தொழில் உரிமையாளர்களிடம் திரட்டிய விவரங்களை ஆராய்ந்து, மூடப்பட்ட தொழில்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மூடும் வேளையில் வெற்றிகரமாகவே நடந்துகொண்டிருந்ததாக உரிமையாளர்களே கூறியதை எடுத்துக்காட்டினார். பத்தில் ஒன்பது என்ற வாசகம் இந்த ஒரு தகவலின் முன்னாலேயே நிற்காது.

ஜப்பானின் நிலை இதை இன்னும் அழுத்தமாகக் காட்டுகிறது. 2025க்குள் அந்நாட்டின் சிறு, நடுத்தரத் தொழில் உரிமையாளர்களில் 24 லட்சத்து 50 ஆயிரம் பேர் 70 வயதை எட்டிவிடுவார்கள் என்றும், அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு, அதாவது ஏறக்குறைய 12 லட்சத்து 70 ஆயிரம் பேருக்கு, அடுத்து நடத்த ஆள் முடிவாகவில்லை என்றும் அந்நாட்டு அரசு கணித்திருந்தது. வாடிக்கையாளர் இருக்கிறார்கள், லாபம் இருக்கிறது, கைத்திறன் இருக்கிறது; சாவியை வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை. இந்த மூடலைத் தடுக்க மானியமோ வட்டிச் சலுகையோ உதவாது. வாங்க விரும்புபவரையும் விற்க வேண்டியவரையும் காலத்தோடு சேர்த்துவைக்கும் ஏற்பாடே உதவும். இப்படி ஒவ்வொரு வகை மூடலுக்கும் வெவ்வேறு மருந்து வேண்டியிருக்க, எல்லாவற்றையும் ஒரே எண்ணுக்குள் போட்டுக் கலக்குவதால் எந்த மருந்தும் சரியான இடத்துக்குப் போய்ச் சேருவதில்லை.

இதற்கு மறுபக்கமும் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நானும் அரைகுறையாகச் சொன்னவனாவேன். இயங்கிக்கொண்டிருக்கும் தொழில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று கொள்வதும் தவறு. பார்டன் ஹாமில்டன் என்ற பொருளியலாளர் 2000ஆம் ஆண்டில் அமெரிக்கத் தரவுகளைக் கொண்டு காட்டியதன்படி, பத்தாண்டு சொந்தத் தொழில் நடத்தியவரின் இடைநிலை வருமானம் (எல்லோரையும் வருமானப்படி வரிசைப்படுத்தினால் நடுவில் வருபவருடையது), அதே அளவு காலம் சம்பள வேலையில் இருந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிட 35 விழுக்காடு குறைவு. தன் உழைப்புக்குக் கூலி எழுதாத கணக்குகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உரிமையாளரும் குடும்பத்தாரும் நாள் முழுதும் உழைப்பார்கள். அந்த உழைப்புக்கு ஒரு நியாயமான ஊதியத்தைச் செலவில் எழுதினால் லாபம் என்று காட்டிய தொகை நட்டமாக மாறும். இந்தத் தொழில்கள் புள்ளிவிவரத்தில் பிழைத்தவை. தன் விருப்பப்படி உழைக்கும் சுதந்திரத்துக்காக ஒருவர் அந்தக் குறைந்த வருமானத்தைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டால் அது அவருடைய உரிமை. ஆனால் தெரியாமலே ஏற்றுக்கொண்டிருந்தால், அவருக்கு அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுவது எங்களைப் போன்றவர்களின் கடமை.

சரி, மெய்யாகவே நொடிந்துபோகும் தொழில்கள் எதனால் நொடிகின்றன? பொருளுக்குத் தேவை இல்லாமை, தவறான இடம், தவறான விலை, கூட்டாளிகளுக்குள் பிணக்கு, ஒரே பெரிய வாடிக்கையாளரை நம்பி இருத்தல் எனக் காரணங்கள் பல. இவற்றைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது, விற்பனை பெருகிக்கொண்டிருக்கும்போதே தொழிலைக் கவிழ்க்கும் ஒரு காரணத்தை. கணக்கு தெரியாதவர்களுக்கு இது நம்ப முடியாததாகத் தோன்றும் என்பதால் எண்களைக் கொண்டே விளக்குகிறேன்.

ஒரு நிறுவனம் மாதந்தோறும் 100 அலகு மதிப்புக்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். அதற்கான செலவு 90, லாபம் 10. சரக்குக்கும் கூலிக்கும் இன்று பணம் கொடுக்க வேண்டும். வாடிக்கையாளரிடமிருந்து வசூலாவதோ இரண்டு மாதம் கழித்து. எனவே எந்த நேரமும் இரண்டு மாதச் செலவான 180 அலகு வெளியில் முடங்கியிருக்கும். இப்போது ஒரு பெரிய ஆணை வந்து விற்பனை இரட்டிப்பாகிறது. எல்லோரும் வாழ்த்துகிறார்கள். மாதச் செலவு 180 ஆகிறது. முடங்கும் தொகை 360 ஆகிறது. கூடுதலாக வேண்டிய 180 அலகு, இரட்டிப்பான விற்பனையில் கிடைக்கும் ஒன்பது மாத லாபத்துக்குச் சமம். அந்த ஒன்பது மாத லாபம் கைக்கு வரும் முன்பே அந்தத் தொகை தேவைப்படுகிறது. இந்த நிலையில் வாடிக்கையாளர் இன்னும் ஒரே ஒரு மாதம் தாமதித்தால் மேலும் 180 வேண்டும். லாப நட்டக் கணக்கு செழிப்பைக் காட்டுகிறது. வங்கிக் கணக்கில் அடுத்த சம்பளத்துக்குப் பணம் இல்லை. உரிமையாளர் கைமாற்றும் வட்டிக்கடனும் வாங்கி அந்த இடைவெளியை அடைக்கப் பார்க்கிறார்; மாதம் 20 அலகு லாபத்தை அந்த வட்டி தின்றுவிடுகிறது. பிறகு 'வியாபாரம் நன்றாகத்தானே போய்க்கொண்டிருந்தது, எப்படி மூடினார்' என்று எல்லோரும் கேட்கிறார்கள்.

இது கற்பனை எண்களின் விளையாட்டு அன்று. ஜேபி மோர்கன் சேஸ் நிறுவனத்தின் ஆய்வு மையம் அமெரிக்காவில் ஏறத்தாழ 6 லட்சம் சிறு நிறுவனங்களின் வங்கிக் கணக்குகளை ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வரவு முற்றிலும் நின்றுவிட்டால் கையிருப்பைக் கொண்டு வழக்கமான செலவுகளைச் சமாளிக்கக்கூடிய நாட்கள் இடைநிலை நிறுவனத்துக்கு 27. பாதி நிறுவனங்களுக்கு அதைவிடவும் குறைவு. ஒரு மாதத் தாமதம் என்பது பெரிய நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஒரு கோப்பு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போகும் கால அளவு; சிறு நிறுவனத்துக்கு அதுவே முழு ஆயுள்.

தாமதத்தைத் தடுக்கச் சட்டங்கள் இல்லாமல் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் பிறப்பித்த நெறிமுறை, நிறுவனங்களுக்கிடையே பணம் செலுத்தும் கெடு பொதுவாக 60 நாட்களைத் தாண்டக்கூடாது என்கிறது. இந்தியாவின் 2006ஆம் ஆண்டுச் சட்டம் குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய தொகையை அதிகபட்சம் 45 நாட்களுக்குள் தரச் சொல்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டியைக் கூட்டு வட்டியாகச் செலுத்த வேண்டும். எழுத்தில் இவை கடுமையானவை. ஆனால் வட்டி கேட்டு வழக்குத் தொடுக்கும் சிறு நிறுவனம் அந்த வாடிக்கையாளரின் அடுத்த ஆணையை மறந்துவிட வேண்டியதுதான் என்பது எல்லோருக்கும் தெரியும். உரிமை சட்டத்தில் இருக்கிறது. அதைக் கேட்கும் துணிவுக்கு மட்டும் பாதுகாப்பு இல்லை. பணம் வர வேண்டியவரே புகார் கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்க்காமல், பெரிய நிறுவனங்கள் சராசரியாக எத்தனை நாளில் பணம் தருகின்றன என்பதை அவையே வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்ற ஏற்பாடு பிரிட்டனில் 2017 முதல் நடைமுறையில் உள்ளது. யாரும் யாரையும் பகைத்துக்கொள்ளாமலே உண்மை வெளிவரும் வழி அது என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை அதிகம். அந்த அறிவிப்புகளைப் படித்து, தாமதிப்பவர்களைப் பெயர் சொல்லி எழுதும் பணியைச் செய்யக்கூடியவை நாளிதழ்களே.

செய்தி எழுதும் முறையில் இன்னொரு குறையையும் சுட்ட வேண்டியிருக்கிறது. 2023இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 25 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் நொடித்தன. 1993க்குப் பின் எந்த ஆண்டிலும் இல்லாத எண்ணிக்கை அது. தலைப்புச் செய்திக்கு ஏற்ற எண்தான். ஆனால் இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் பதிவு பெற்ற நிறுவனங்களின் மொத்த எண்ணிக்கை பன்மடங்கு பெருகிவிட்டது. பத்தாயிரம் நிறுவனங்களுக்கு எத்தனை என்று விகிதமாகப் பார்த்தால், 2009இல் இருந்த உச்சத்தைவிட 2023இன் நிலை வெகுவாகக் குறைவு. மேலும், பெருந்தொற்றுக் காலத்தில் பல நாடுகளில் அரசு உதவியாலும் கடன் நடவடிக்கைகள் நிறுத்திவைக்கப்பட்டதாலும் நொடிப்புகள் வழக்கத்தைவிடக் குறைந்தன. சாதாரண காலத்திலேயே மூடியிருக்க வேண்டிய நிறுவனங்கள் அப்போது மூடாமல் நின்று, உதவி விலகியதும் சேர்ந்து மூடின. அந்த ஏற்றத்தை மட்டும் பிரித்தெடுத்துக் காட்டினால் பேரழிவு போலத் தோன்றும்; முன்பு வந்த பள்ளத்தையும் சேர்த்துப் பார்த்தால் அதில் ஒரு பகுதி தள்ளிப்போன கணக்கின் தீர்வு என்பது புரியும். அதே காலத்தில் புதிய தொழில்களும் பெருமளவில் தோன்றின. அமெரிக்காவில் 2021இல் மட்டும் புதிய தொழில்களுக்கு ஏறத்தாழ 54 லட்சம் விண்ணப்பங்கள் பதிவாயின. பிறப்பு பெருகினால் சில ஆண்டுகளில் மூடல் எண்ணிக்கையும் பெருகும். இதுவும் அந்த வளைகோட்டிலிருந்தே கிடைக்கும் விடைதான்.

கடைசியாக, மூட வேண்டிய தொழில் காலத்தோடு மூடப்படுவதும் ஒரு நல்ல விளைவே என்பதைச் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த மிகப்பெரிய இழப்புகள், தொழில் செத்த பிறகும் உரிமையாளர் அதை இழுத்துக்கொண்டிருந்த மாதங்களில் ஏற்பட்டவை. ஏன் இழுக்கிறார்கள்? மானம் ஒரு காரணம்; ஆனால் அதைவிடப் பெரியது தனிநபர் உத்தரவாதம். பங்குதாரரின் பொறுப்பு அவர் போட்ட பங்கோடு நின்றுவிடும் என்ற கொள்கை 1855இலேயே பிரிட்டிஷ் சட்டத்தில் இடம்பெற்றுவிட்டது. சிறு நிறுவனத்தின் உரிமையாளருக்கோ, கடன் பத்திரத்தில் தானே பொறுப்பு என்று கையெழுத்திட்ட நிமிடத்தில் அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் போய்விடுகிறது. தொழிலை மூடினால் வீடு போகும் என்றிருக்கும்போது, நட்டத்தை இன்னும் ஆறு மாதம் வளர்ப்பது அவருக்கு அறிவுடைமையாகவே படுகிறது. அந்த ஆறு மாதத்தில் சரக்கு கொடுத்தவர்களும் சம்பளம் வாங்காத ஊழியர்களும் சேர்ந்து மூழ்குகிறார்கள்.

இதை உணர்ந்துதான் ஐரோப்பிய ஒன்றியம் 2019இல், நேர்மையாகத் தொழில் நடத்தி நொடித்தவர் அதிகபட்சம் மூன்று ஆண்டுகளில் கடன் பொறுப்பிலிருந்து விடுபட வழி செய்ய வேண்டும் என்று உறுப்பு நாடுகளுக்கு நெறிமுறை வகுத்தது. அமெரிக்காவும் அதே ஆண்டில் சிறு நிறுவனங்களுக்கெனச் செலவும் காலமும் குறைந்த சீரமைப்பு முறையைச் சட்டமாக்கியது. இவை முழுமையானவை என்று நான் சொல்ல வரவில்லை. நொடித்தவரை மோசடிக்காரராகப் பார்க்காமல், இன்னொரு முறை தொழில் செய்யக்கூடியவராகப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்பதே இவற்றின் பொருள்.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இது. தொழில்கள் மூடப்படுவதைப் பற்றிச் செய்தி வெளியிடும்போது எத்தனை தொழில்களில் எத்தனை, எவ்வளவு காலத்தில் என்பதையும், அவை விற்கப்பட்டனவா, ஓய்வினால் மூடப்பட்டனவா, கடனில் மூழ்கினவா என்பதையும் பிரித்துச் சொல்லும் வழக்கத்தைத் தங்கள் நாளிதழ் தொடங்க வேண்டும். விவரம் கிடைக்காத இடத்தில் கிடைக்கவில்லை என்றே அச்சிடலாம். அதுவும் வாசகருக்குப் பயனுள்ள செய்தியே. பணம் தருவதில் தாமதம், தனிநபர் உத்தரவாதம் ஆகிய இரண்டையும் பற்றி, மூடிய தொழில்களின் உரிமையாளர்களிடம் அவர்கள் பெயரை வெளியிடாமல் கேட்டு ஒரு தொடர் வெளியிட்டால், தொழில் தொடங்க இருப்பவர்கள் அதை வெட்டி எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்